வாத்து நிற்கும் திருப்பம்

ஜூன் 4

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

என்னை நினைவிருக்கிறதா என்று கேட்க மாட்டேன். உங்களுக்கு எதுவும் மறக்காது என்பது எனக்குத் தெரியும். சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு பந்தய விளையாட்டு செய்தோமே, அதில் கணினி வேலை பார்த்தவன் நான். எல்லோரும் ‘கண்ணாடி’ என்று கூப்பிடுவீர்கள். நீங்கள் தேநீர் போட்டு, மாடியைக் கூட்டித் துடைத்து, நடுநடுவே எங்களைத் திட்டிக்கொண்டும் இருந்தீர்கள். உங்கள் தங்கை படங்கள் வரைந்தார். முப்பத்துநான்கு வருடம் ஆகிவிட்டது.

அந்த ‘எட்டு வண்டி’ விளையாட்டை இப்போது ஒரு புது நிறுவனம் வாங்கியிருக்கிறது. கைப்பேசியில் ஆடும்படி மாற்றி வெளியிடப் போகிறார்கள். குண்டு ராஜா, டாக்டர் ஆந்தை, கோணவாய் முதலை, பானைக் கிழவி, சிவப்பு மப்ளர் போட்ட மஞ்சள் வாத்து, எல்லோரும் மறுபடி ஓடப் போகிறார்கள். பழைய நிரலைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் மிச்சம் என்பதால், தூசி தட்டும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.

அதில் ஒரு சிக்கல். கடைசிப் பந்தயம் பாலத்துப் பாதை. பாலத்துக்கு முந்தைய திருப்பத்தில் வாத்து வண்டி நின்றுவிடுகிறது. இருபத்திரண்டு எண்ணும் நேரம் சும்மா நிற்கிறது, பிறகு கிளம்புகிறது. இதனால் வாத்து ஒருநாளும் ஜெயிப்பதில்லை. இது பிழை, எடுத்துவிடுங்கள் என்கிறார்கள். அந்த வண்டியை ஓட்டிப் பதிந்தது உங்கள் தங்கை. அதை மாற்ற நெருங்கிய உறவின் ஒப்புதல் வேண்டுமாம். தாள் வைத்திருக்கிறேன். ஆகஸ்ட் கடைசிக்குள் கையெழுத்திட்டு அனுப்பினால் உதவியாக இருக்கும்.

நீங்களும் வீட்டில் அனைவரும் நலம் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
கண்ணாடி

*

ஜூன் 11

கண்ணாடிக்காரருக்கு,

உங்கள் கடிதம் வந்தது. அச்சடித்து அனுப்பியிருக்கிறீர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் கையால் எழுதுகிறேன், பார்த்துக்கொள்ளுங்கள். நலம் என்று நம்புவதாக எழுதியிருந்தீர்கள். நம்பிக்கொண்டே இருங்கள்.

முதலில் ஒன்று. என்னை அக்கா என்று எழுத வேண்டாம். அப்படிக் கூப்பிட எனக்கு ஒருத்திதான் இருந்தாள். அவளை ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வா என்று கூப்பிட்டவர் நீங்கள். லீவு நாளில், வேறு ஒருத்தரும் வராத மாடிக்கு. போகிற வழியில் எங்கள் வீட்டுப் பக்கத்துப் பாலத்துத் திருப்பத்தில் லாரி அடித்துப் போய்விட்டாள். இருபத்துமூன்று வயது. பெற்றவள் போனபின் நான் தூக்கி வளர்த்தவள்.

மூன்றாம் நாள் நீங்கள் தெருமுனை வரை வந்தீர்கள். நீலச் சட்டை, மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லை. மருந்துக்கடை வாசலில் நின்று எங்கள் வீட்டைப் பார்த்தீர்கள். கடைக்காரர் ஏதோ கேட்டார். தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனீர்கள். நான் சன்னலில் இருந்தேன். நாற்பது அடி நடக்க உங்களுக்கு முடியவில்லை. முப்பத்துநான்கு வருடம் கழித்துத் தாள் மட்டும் நடந்து வருகிறது.

பானைக் கிழவி என்று எழுதியிருந்தீர்கள். கூச்சமே இல்லையா? எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. என் மூக்கையும் என் கொண்டையையும் வைத்து, பானை எறிகிற கிழவி ஒருத்தியை வரைந்து வைத்தீர்கள். சின்னவள்தான் வரைந்தாள், தெரியும். “கோவிச்சுக்காதக்கா, உன் மூக்கு வரைய சுலபமா இருக்கு” என்றாள். அவளை மன்னித்தேன். பக்கத்தில் நின்று சிரித்த உங்களை மன்னிக்கவில்லை. விளையாட்டு முடிந்ததும் வருகிற பெயர்ப் பட்டியலில் சைக்கிள் கடைக்காரர் பெயர்கூட இருந்ததாம். தினம் இரண்டு தரம் எட்டு டம்ளர் கழுவியவள் பெயர் இல்லை.

தாளை அலமாரி ஆடாமல் இருக்க மடித்து அதன் கால் அடியில் வைத்திருக்கிறேன். கச்சிதமாக இருக்கிறது.

ஆனால் அவள் நிற்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நான் பார்த்ததில்லை. அவள் போனபிறகு நான் அந்த மாடிப்படி ஏறவே இல்லை. அவள் விரல் அசைந்தது இன்னும் அதற்குள் இருக்கிறதென்றால், அதில் ஒரு நொடியைக்கூட நீங்கள் எடுக்கக் கூடாது. அந்தப் பெட்டியை அனுப்புங்கள். நான் பார்க்க வேண்டும். பார்த்தபிறகும் கையெழுத்துப் போட மாட்டேன், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சின்னவளின் அக்கா

*

ஜூன் 18

வணக்கம்.

எப்படி அழைப்பது என்று தெரியாமல் வணக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். கையால் எழுதுகிறேன். என் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருந்த பழைய இயந்திரத்தையும் விளையாட்டு கேசட்டையும் அனுப்பியிருக்கிறேன். டிவியில் மாட்ட வேண்டும். வீட்டில் இளையவர் யாராவது இருந்தால் மாட்டிக் கொடுப்பார்கள். ஆடுகிறவர் ஏழு பேரில் யாரை வேண்டுமானாலும் எடுக்கலாம். வாத்தை மட்டும் எடுக்க முடியாது. “என் வண்டிய வேற யாரும் ஓட்டக்கூடாது” என்று உங்கள் தங்கை பிடிவாதமாகச் சொன்னதால் அப்படிச் செய்தோம்.

அந்த வியாழக்கிழமை உங்களுக்கு நினைவிருக்கும். இயந்திரத்தில் இடம் போதவில்லை. எதிரே ஓடும் வண்டிகளுக்குச் சொந்தமாக யோசிக்கும் புத்தி வைக்க முடியவில்லை. அதனால் எட்டுப் பேரையும் ஒவ்வொருவராக உட்காரவைத்து ஆளுக்கொரு வண்டி ஓட்டச் சொன்னேன். யார் விரல் எந்த நொடியில் எந்தப் பொத்தானை அழுத்தியது என்பதை மட்டும் பதிந்தேன். ஒவ்வொருவரும் ஓட்டியது வெறும் சாலையில், தனியாக. முதலில் ஓட்டியவர் உங்கள் தங்கை, காலை பத்து மணிக்கு. கடைசியாக ஓட்டியவர் நீங்கள். நாலரை மணித் தேநீர் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தீர்கள். வண்டி மூன்று தரம் வேலியில் முட்டியது. வேலியைத் திட்டினீர்கள்.

உங்கள் தங்கை அந்தத் திருப்பத்தில் நிறுத்தியபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். “ஏன் நிக்குது?” என்று கேட்டேன்.

“பின்னால ஒரு ஆள் வரணும்.”

“யாரு வரணும்? ரோடே காலி.”

“வருவாங்க. நீங்க பாட்டுக்குப் பதிவு பண்ணுங்க.”

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கண்ணாடி

*

ஜூலை 2

கண்ணாடிக்காரருக்கு,

பெட்டி வந்தது. ஒரு மூலை நசுங்கியிருந்தது. நீங்கள் கட்டிய கட்டு அப்படி.

என் மகள் வயிற்றுப் பேத்தி என்னோடு இருக்கிறாள், பல் மருத்துவமனையில் வேலை. அவள்தான் மாட்டிக் கொடுத்தாள். “பாட்டி, இதெல்லாம் எங்கம்மாவுக்கே பழசு” என்று சிரித்தாள். சங்கீதம் வந்தது. அந்த அசட்டுச் சங்கீதம். ஆறு மாதம் அதையே கேட்டுக்கொண்டு தரை துடைத்திருக்கிறேன். கேட்டதும் முழங்கால் வலித்தது.

வேறு யாரை எடுக்கிறது? கிழவியைத்தான் எடுத்தேன். இப்போது பொருத்தமாகத்தான் இருக்கிறது, உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கட்டும். கொண்டை மட்டும் கறுப்பாக இருக்கிறது. நான் அழுத்திக் கேட்டதால் சின்னவள் அதை மட்டும் கறுப்பாக விட்டாள்.

குண்டு ராஜா ஓடும்போதே முதலாளி என்று தெரிந்துவிட்டது. யாரையும் முந்தவிடாமல் நடு ரோட்டிலேயே போகிறார். ஆபீஸ் படியிலும் அப்படித்தான் ஏறுவார். டாக்டர் ஆந்தை நீங்கள். ஒவ்வொரு திருப்பத்துக்கு முன்னாலும் தயங்குகிறீர்கள். அதைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தேன், அது என் விருப்பம்.

பாலத்துப் பாதை வந்ததும் எனக்குக் கை ஓடவில்லை. அது எங்கள் பாலம். கைப்பிடிச் சுவரில் ஒரு கல் விழுந்திருக்கும், அதுகூட இருக்கிறது. எதிரே முடிவெட்டும் கடையின் நீலக் கதவு இருக்கிறது. இதை அவள் வரைந்தது எனக்குத் தெரியாது.

திருப்பத்தில் வாத்து நின்றது. தலையைச் சாய்த்து, மப்ளர் காற்றில் ஆட நின்றது. அவள் நிற்கிற மாதிரியேதான், ஒரு காலில் பாரம் போட்டு. நான் தத்தித் தத்தி வந்து சேர்ந்தேன். நான் பக்கத்தில் வந்ததும் கிளம்பிற்று. இரண்டு வண்டியும் சேர்ந்தே பாலத்தில் ஏறின.

மறுநாள் பேத்தி வேலைக்குப் போனபின் மறுபடி ஆடினேன். நீங்கள் இருபத்திரண்டு எண்ணும் நேரம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு எண்ணத் தெரியும். அன்று நான் வேலியில் மாட்டிக்கொண்டதால் தாமதம். முப்பத்தொன்று எண்ணினேன். நான் வரும்வரை வாத்து நின்றது. அடுத்த தரம் நாற்பத்தெட்டு. அப்போதும் நின்றது. பேத்தி ஆடினால் இருபத்திரண்டில் கிளம்பிவிடுகிறது.

உங்கள் கணக்கில் ஏதோ கோளாறு. சரியாகப் பார்த்து எழுதுங்கள்.

பொத்தானை அழுத்தி அழுத்தி வலது கட்டைவிரல் வீங்கிவிட்டது. அது ஒன்றும் பெரிதில்லை, உங்களிடம் சொல்லவும் வேண்டியதில்லை. எழுத்து கோணினால் அதனால்தான்.

சின்னவளின் அக்கா

*

ஜூலை 9

வணக்கம்.

உங்கள் கடிதத்தை நான்கு தரம் படித்தேன். விரலுக்கு ஓய்வு கொடுங்கள்.

அது நடக்க முடியாத காரியம். வாத்து யாரையும் பார்ப்பதில்லை. அதற்குப் பார்க்கும் சக்தியே இல்லை. பதிந்த விரல் எப்போது பொத்தானை அழுத்தியதோ அப்போது அது கிளம்பும். அவ்வளவுதான். உங்கள் கடிதம் வந்தபிறகு என் மேசையில் ஐம்பது தரம் ஓடவிட்டுப் பார்த்தேன். ஐம்பது தரமும் இருபத்திரண்டு. கிழவியை எடுத்து, வேண்டுமென்றே பின்தங்கியும் ஆடிப் பார்த்தேன். இருபத்திரண்டில் வாத்து போய்விட்டது. எனக்காக அது நிற்கவில்லை.

உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்லவேண்டும். வியாழனன்று எட்டுப் பேரையும் தனித்தனியாகப் பதிந்தேன் என்றேன் அல்லவா. எட்டையும் சேர்த்து ஒரே சாலையில் முதல் தரம் ஓடவிட்டது சனிக்கிழமை மத்தியானம். மற்ற வண்டிகள் பாலம் தாண்டிப் போய்விட்டன. வாத்து மட்டும் திருப்பத்தில் நின்றது. எல்லோருக்கும் கடைசியில், நீங்கள் நாலரை மணிக்கு ஓட்டிய கிழவி வண்டி வந்தது. அது திருப்பத்தைத் தொட்ட நொடியில் வாத்து கிளம்பியது. முன்னே பின்னே ஒரு நொடி இல்லை.

காலை பத்து மணிக்கு, வெறும் சாலையில், நீங்கள் சாயங்காலம் எவ்வளவு தாமதமாக வருவீர்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் ஓட்டப் போகிறீர்கள் என்பதுகூட அப்போது முடிவாகவில்லை. வேறொருவர் வராததால்தான் உங்களை உட்காரவைத்தோம்.

நான் எண்களோடு வாழ்கிறவன். தற்செயல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது உங்கள் கடிதத்தைப் படித்தபின் அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

கண்ணாடி

*

ஜூலை 24

கண்ணாடிக்காரருக்கு,

இந்தத் தரம் வேலியில் முட்டி வந்த தாமதம் இல்லை. வேண்டுமென்றே செய்தேன்.

காலை வெளிச்சம் நன்றாக வந்திருந்தது. பேத்தி கிளம்பிப் போயிருந்தாள். திருப்பம் கண்ணில் தெரிகிற தூரத்தில் என் வண்டியை நிறுத்தினேன். வாத்து அங்கே நின்றது. எண்ண ஆரம்பித்தேன். இருபத்திரண்டு போயிற்று. அறுபது போயிற்று. முந்நூறு வரை எண்ணினேன். மற்ற வண்டிகள் கடைசிவரை ஓடி முடித்து, கொடி ஆட்டி, பந்தயம் ஓய்ந்துவிட்டது. வாத்து நின்றது.

எழுந்து அடுக்களைக்குப் போனேன். தேநீர் போட்டேன். உட்கார்ந்து நிதானமாகக் குடித்தேன். டம்ளரைக் கழுவினேன். கழுவிய டம்ளரை இன்னொரு தரம் கழுவினேன். திரும்பி வந்து பார்த்தால் அப்படியே நிற்கிறது. மப்ளர் நுனி ஆடுகிறது. கண்ணை ஒரு தரம் சிமிட்டிற்று.

மத்தியானம் சாப்பிட வந்த பேத்தி பார்த்துவிட்டு, “பாட்டி, கேம் மாட்டிக்கிச்சு. ஆஃப் பண்ணிட்டுப் போடு” என்றாள்.

“தொடாதே” என்றேன்.

“அது பாட்டுக்கு நிக்குது பாட்டி, யாருக்கு என்ன?”

“தொடாதேன்னு சொல்றேன்ல.”

என் குரல் அவளைப் பயமுறுத்தியிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து என் விரலில் கட்டியிருந்ததைப் பார்த்தாள். வீக்கம் அதிகமானதால் துணி மேல் துணியாகச் சுற்றியிருந்தேன். “கையில என்ன பலூனா கட்டியிருக்க?” என்று பேச்சை மாற்றினாள். நல்ல பெண்.

நான் பொத்தானை அழுத்தினேன். என் வண்டி நகர்ந்து திருப்பத்துக்குப் போயிற்று. வாத்தும் கிளம்பிற்று. பேத்தியும் பார்த்தாள்.

உங்களிடம் விளக்கம் கேட்கவில்லை. அவளை எதற்காகக் கூப்பிட்டீர்கள்? அதை மட்டும் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவளால் ஆகவேண்டியது என்ன இருந்தது?

சின்னவளின் அக்கா

*

ஜூலை 30

வணக்கம்.

ஒன்றும் இல்லை. அவளால் ஆகவேண்டியது ஒன்றும் இல்லை.

மறுபடி ஓட்டிப் பதியவேண்டும் என்று சொல்லித்தான் கூப்பிட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் படி இறங்கும்போது நிறுத்தி, “அந்த நிற்கிற இடத்தைச் சரி பண்ணணும், நாளைக்கு ஒரு மணி நேரம் வர முடியுமா?” என்று கேட்டேன். அதைச் சரிபண்ண அவள் வரவேண்டியதே இல்லை. நிற்கிற நேரத்தை வெட்டி எறிய எனக்குப் பத்து நிமிடம் போதும். யார் துணையும் இல்லாமல் செய்திருக்கலாம்.

அவளோடு தனியாகப் பேச நினைத்தேன். என்ன பேசுவது என்று ஒரு தாளில் எழுதிக்கூட வைத்திருந்தேன். எட்டு மணிக்கு மாடியைத் திறந்து, மேசையைத் துடைத்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன். பதினொரு மணிக்குக் கீழிருந்து சைக்கிள் கடைக்காரர் ஏறி வந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன்.

மருந்துக்கடைக்காரர் என்னிடம் கேட்டது, “என்ன வேணும்?” என்று. அதற்கு மேல் நடக்க முடியவில்லை. நீங்கள் என்மேல் வைத்த பழி சரியானது. அதனால்தான் அந்த நிற்றலை அப்படியே விட்டேன். பத்து நிமிட வேலையை முப்பத்துநான்கு வருடம் செய்யவில்லை. இப்போதும் உங்கள் சொல் இல்லாமல் செய்யமாட்டேன். நிறுவனம் வேறு ஆளை வைத்துச் செய்துகொள்ளட்டும். விலகிக்கொள்கிறேன் என்று கடிதம் எழுதி மேசையில் வைத்திருக்கிறேன். உங்கள் பதிலைப் பார்த்துவிட்டு அனுப்புவேன்.

கண்ணாடி

*

ஆகஸ்ட் 8

கண்ணாடிக்காரருக்கு,

அந்தக் கடிதத்தை அனுப்ப வேண்டாம். இதைப் படியுங்கள். இதை நான் என் வீட்டுக்காரரிடமும் சொன்னதில்லை, அவர் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. என் மகளிடமும் சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஏழு நாற்பதுக்குக் கிளம்பினாள். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, “அக்கா, நீயும் வாயேன். லீவு நாளு, மாடில யாரும் இருக்கமாட்டாங்க. ஒரு மாதிரியா இருக்கு” என்றாள்.

“நீ முன்னால போ, பின்னாலயே வர்றேன்” என்றேன்.

“சீக்கிரம் வா. பஸ் ஸ்டாப்ல நிக்கிறேன்.”

அவள் கழுத்தில் என் மப்ளர் இருந்தது. சிவப்பு மப்ளர். என் வீட்டுக்காரர் வாங்கித் தந்தது. என்னைக் கேட்காமல் ஆணியிலிருந்து எடுத்துப் போட்டிருந்தாள். கேட்டால் கொடுத்திருப்பேன். கேட்கவில்லை. அதற்கு முந்தின மாதம் என் சீப்பு, அதற்கு முன்னால் என் குடை. எல்லாம் எனக்கு நினைவிருந்தது, அதுதானே என் வியாதி. வாயைத் திறந்து திட்டியிருந்தால் போயிருக்கும். நான் திட்டவில்லை. கொஞ்சம் நிற்கட்டும் என்று நினைத்தேன்.

கழுவின டம்ளரை எடுத்து மறுபடி கழுவினேன். அடுப்பைத் துடைத்தேன். காய்ந்த துணியை மடித்தேன், பிரித்து மறுபடி மடித்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் செய்தேன். எட்டு மணி இரண்டு நிமிடத்துக்கு வீட்டைப் பூட்டினேன்.

எத்தனை என்று நீங்களே போட்டுப் பாருங்கள். இருபத்திரண்டு.

பஸ் நிற்கும் அந்தத் திருப்பத்துக்கு நான் வந்தபோது கூட்டம் கூடிவிட்டது. முடிவெட்டும் கடைக்காரர் கத்திரியும் கையுமாக நின்றார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். “ரெண்டு பஸ்ஸை விட்டுடுச்சுங்க அந்தப் பொண்ணு. ஏறும்மான்னேன். எங்கக்கா வரணும்னு சொல்லிட்டு அந்த ஓரத்துலயே நின்னுச்சு.”

நான் காதில் வாங்காதவள்போல முன்னால் போய்விட்டேன். பிறகு அவர் பையையும் செருப்பையும் எடுத்துக் கொடுத்தார். கைக்கடிகாரத்தை ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். மப்ளர் மட்டும் இல்லை. தேடினேன். பாலத்துக்கு அடியிலும் இறங்கித் தேடினேன். கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து உங்களைத் திட்ட ஆரம்பித்தேன். நீங்கள் தெருமுனையோடு திரும்பிப் போனது எனக்கு வசதியாகப் போயிற்று. வீட்டுக்குள் வந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. உங்களைத் திட்டிக்கொண்டே இருந்தால் அந்தக் கடிகாரம் என் காதில் கேட்காது.

முதல் கடிதத்தில் ஒரு நொடியைக்கூட எடுக்கக் கூடாது என்று எழுதினேன். அப்போது எனக்கு அவள் நிற்பது வேண்டியிருந்தது. இப்போது தினமும் பார்க்கிறேன். நான் எவ்வளவு தாமதித்தாலும் அவள் நிற்கிறாள். நேற்று நான் சீக்கிரமாகப் போகப் பார்த்தேன். ஒரு தரமும் முட்டாமல் போனேன். அப்போதும் அவள் எனக்கு முன்னால் போய் நின்றுகொண்டிருந்தாள். நான் எப்போது போனாலும் அவள் நின்றுகொண்டுதான் இருக்கிறாள். இது நல்லதா? முப்பத்துநான்கு வருடமாக ஒரு பெண்ணை ரோட்டோரத்தில் நிறுத்தி வைத்திருக்கிறோம், நீங்களும் நானும்.

அலமாரிக்கு அடியிலிருந்து தாளை எடுத்துவிட்டேன். மடிப்பு விழுந்திருக்கிறது. கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். அந்த இருபத்திரண்டை எடுத்துவிடுங்கள். அவளை முதல் பஸ்ஸில் ஏற்றி அனுப்புங்கள்.

சின்னவளின் அக்கா

*

ஆகஸ்ட் 20

வணக்கம்.

திங்கட்கிழமை காலை செய்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவள் விரல் சும்மா இருந்த நேரத்தை மட்டும் வெட்டி, முன்னும் பின்னும் ஒட்டினேன். அவள் அழுத்திய ஒரு பொத்தானையும் தொடவில்லை.

எட்டு வண்டிகளையும் ஓடவிட்டேன். வாத்து திருப்பத்துக்கு வந்தது. என் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. அது நிற்காமல் திரும்பி, பாலத்தில் ஏறிப் போய்விட்டது. அவ்வளவு வேகமாக அவள் ஓட்டியிருக்கிறாள் என்று எனக்கு இவ்வளவு காலமும் தெரியாது. குண்டு ராஜாவை ஓரத்தில் நுழைந்து முந்தினாள். முதலாவதாக வந்தாள்.

இனிச் சொல்லப்போவதை நான் நிதானமாகச் சொல்லவேண்டும்.

யார் ஜெயித்தாலும் அவர்களுக்கு ஒரு வெற்றிப் படம் வரும். எட்டுப் படத்தையும் உங்கள் தங்கை அந்த வியாழக்கிழமை வரைந்து முடித்தாள். வாத்து ஜெயித்ததே இல்லை, அதனால் அந்தப் படம் திரையில் வந்ததே இல்லை. நான் அதைத் திறந்தும் பார்த்ததில்லை. அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அவள் வரைந்த எதையும் திறக்க எனக்கு மனம் வரவில்லை, மூடியபடியே உள்ளே சேர்த்துவிட்டேன். திங்கட்கிழமைதான் பார்த்தேன்.

வெற்றி மேடை. மேல் படியில் வாத்து நிற்கிறது. கழுத்தில் மப்ளர் இல்லை. மற்ற எல்லாப் படத்திலும் அதற்கு மப்ளர் உண்டு. பக்கத்தில், அதே படியில், பானைக் கிழவி. கையில் பானை இல்லை. கொண்டை வெள்ளையாக இருக்கிறது. வலது கட்டைவிரலில் அந்தச் சிவப்பு மப்ளரைச் சுற்றிச் சுற்றிக் கட்டியிருக்கிறது, பெரிய பந்து மாதிரி.

படம் சேமித்த நேரத்தைப் பார்த்தேன். வியாழன், மாலை ஐந்து பத்து. நீங்கள் ஓட்டி முடித்து டம்ளர்களை எடுத்துக்கொண்டு போன நேரம். வேறு யாரும் அதற்குப்பின் தொடவில்லை. தொட்டிருந்தால் எனக்குத் தெரியும்.

படத்தைத் தாளில் எடுத்து அனுப்புகிறேன். உறையை எடுத்ததும் திறக்க வேண்டாம். பேத்தி வீட்டில் இருக்கும்போது திறங்கள்.

கண்ணாடி

*

ஆகஸ்ட் 27

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன்.

படம் வந்தது. பேத்தி வரும்வரை காத்திருக்கவில்லை. அடுக்களை மேசையில் வைத்துத் திறந்தேன். பார்த்தேன். பயமாக இருக்கிறதா என்று கேட்டால், முழங்கைவரை குளிர்ந்தது. ஆனால் அது அவள் கைதான். அந்த மூக்கை வேறு யாரும் அப்படி வரைய மாட்டார்கள்.

மப்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கேட்காமல் எடுத்தவள், கேட்காமலே கொடுத்திருக்கிறாள்.

என் விரலில் கட்டியிருந்தது பழைய தலையணை உறைத் துணி, வெள்ளை. படத்தைப் பார்த்தபின் அவிழ்த்தேன். வீக்கம் வற்றியிருந்தது. நேற்றுவரை மடக்க முடியாத விரல். பேத்தி தொட்டுப் பார்த்துவிட்டு, “தன்னால சரியாகும் பாட்டி” என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

இதைக் கேளுங்கள். நீங்கள் கை வைத்தது கைப்பேசிக்கான புதியதில். என்னிடம் இருப்பது பழைய கேசட். அதை யாரும் தொடவில்லை, பெட்டி என் வீட்டைவிட்டு நகரவில்லை. இன்று காலை அதைப் போட்டேன். கிழவியை எடுத்தேன். பாலத்துப் பாதைக்கு வந்தேன்.

திருப்பம் காலி. நீலக் கதவு இருக்கிறது. விழுந்த கல் இருக்கிறது. வாத்து இல்லை. முன்னால் தூரத்தில், பாலத்துக்கு அந்தப் பக்கம், மஞ்சளாக ஏதோ போய்க்கொண்டிருந்தது. என் கண் பழுதும் இருக்கலாம்.

பெயர்ப் பட்டியலில் அவள் பெயரை முதலில் போடுங்கள். என்னையும் போடுங்கள், தேநீர் என்று. கிழவி என்று போட்டால் மறுபடி சண்டைதான். இந்தப் பக்கம் வரும்போது தெருமுனையோடு நிற்காமல் உள்ளே வாருங்கள். மருந்துக்கடை இப்போது இல்லை.

அந்தக் காலித் திருப்பத்தில் என் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். மப்ளர் ஆடுகிற இடத்தில்தான். யாருக்காக என்று தெரியாது, ஆனாலும் நின்றேன். இருபத்திரண்டு எண்ணினேன். அப்புறம் பாலத்தில் ஏறினேன்.

அக்கா